வீட்டு மேசையில் ஒரு பிணைய ஆய்வுக்கூடம்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை, படிவம் 4 மாணவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் என்னைத் தேடி அறிவியல் கூடத்திற்கு வந்தார். வீட்டில் இரண்டு நாளாக இணையம் ஒழுங்காக இல்லை என்றார். அப்பாவின் கைப்பேசியில் வைஃபை குறி முழுதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு பக்கமும் திறப்பதில்லை. வரவேற்பறைத் தொலைக்காட்சி மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் ஓடுகிறது. அக்காவின் மடிக்கணினி காலையில் வேலை செய்தது. கல்லூரிக்குக் கொண்டு போய்விட்டு மாலையில் திரும்பியதும் வேலை செய்யவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஒரு முறை சரியாகிறது, மறு முறை ஆவதில்லை.

“நீ ஏதாவது செய்தாயா?” என்று கேட்டேன்.

“ஒன்றும் இல்லை, டீச்சர். சிசிஎன்ஏ தேர்வுக்குப் பழகலாம் என்று அலமாரியில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, வீட்டு ரவுட்டரோடு ஒரு கேபிள் போட்டு இணைத்தேன். அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லிலேயே காரணம் இருந்தது. ஆனால் நான் அதை உடனே சொல்லவில்லை. தன்னை அறியாமலேயே அவர் ஒரு நல்ல பரிசோதனையைச் செய்திருந்தார். என்ன, அதைச் செய்த இடம்தான் தவறு. அவருடைய அப்பாவோ, “இனி இந்த வீட்டில் கேபிள் வேலை எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டாராம். தேர்வுக்கான பயிற்சி தொடங்கிய வாரத்திலேயே நின்றுவிடும் நிலை.

கணினிப் பிணையம், அதாவது நெட்வொர்க், படிக்க விரும்பும் மாணவர்களுக்கு வீட்டில் ஓர் ஆய்வுக்கூடம் தேவை. ஆனால் வீட்டாரின் இணையத்தைத் தொடாத ஆய்வுக்கூடம். அதை எப்படி அமைப்பது, அமைத்த பிறகு அதில் என்ன செய்வது என்பதை இந்த வாரம் பார்ப்போம். அந்த மாணவர் வீட்டில் என்ன நடந்தது என்பதும் இடையில் தெரிந்துவிடும்.

எந்தத் தேர்வு, எதற்கு?

பிணையத் துறையில் நுழைபவர்கள் பெரும்பாலும் இரண்டு சான்றிதழ்களில் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். ஒன்று, காம்ப்டியா நிறுவனத்தின் நெட்வொர்க் பிளஸ். அது எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராமல் அடிப்படைகளைச் சோதிக்கும். மற்றொன்று சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ. 2020 பிப்ரவரி முதல் அது 200-301 என்ற எண்ணுடைய ஒரே தேர்வாக நடக்கிறது. நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர். தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். 18 வயது நிரம்பாதவர்கள் எழுத வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

எஸ்.பி.எம். முடிப்பதற்குள் அந்தப் பணத்தைக் கட்ட அவசரப்படாதீர்கள் என்பதே என் கருத்து. பாடத்தை இப்போதே படிக்கலாம். தேர்வு எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். வினா விடைத் தொகுப்புகளை மனப்பாடம் செய்து சிலர் தேறிவிடுகிறார்கள். வேலைக்கான நேர்காணலில் “இணைப்பு இருக்கிறது, இணையம் இல்லை; முதலில் எதைப் பார்ப்பாய்?” என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் வருவதில்லை. அந்தப் பதில் கையால் செய்து பார்த்தவருக்குத்தான் வரும்.

பணம் செலவழிக்காத முதல் கூடம்

தொடக்கத்தில் எதையும் வாங்க வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகக் கணக்குத் திறந்தால் பேக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளைப் பதிவிறக்கம் செய்யலாம். திரையில் கணினி, சுவிட்ச், ரவுட்டர் ஆகியவற்றின் படங்களை இழுத்துப் போட்டு, கேபிளால் இணைத்து, கட்டளைகள் தட்டலாம். உண்மையான கருவிகள் செய்வதில் ஒரு பகுதியை மட்டுமே அது போலச் செய்து காட்டும். சில கட்டளைகள் அதில் கிடையா. ஆனாலும் சிசிஎன்ஏ பாடத்தின் பெரும்பகுதிக்கு அது போதும். ஓரளவு பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

முதல் பரிசோதனை மிக எளியது. இரண்டு கணினிகள், நடுவில் ஒரு ரவுட்டர். ரவுட்டரின் ஒரு பக்கத்திற்கு 192.168.10.1, மறு பக்கத்திற்கு 192.168.20.1 என்று ஐபி முகவரி கொடுங்கள். முதல் கணினிக்கு 192.168.10.20, இரண்டாவதற்கு 192.168.20.20. இரண்டு கணினிகளிலும் அந்தந்தப் பக்க ரவுட்டர் முகவரியை ‘கேட்வே’ என்ற இடத்தில் எழுதுங்கள். இப்போது ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு பிங் கட்டளை அனுப்பலாம்.

பிங் என்பது “இருக்கிறாயா?” என்று கேட்டு, “இருக்கிறேன்” என்ற பதிலுக்காகக் காத்திருக்கும் சிறு நிரல். மைக் மூஸ் என்பவர் 1983 டிசம்பரில் எழுதியது. நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் ஒலியை நினைத்து அவர் அந்தப் பெயரை வைத்தார். அந்த எளிய நிரலைப் பிணையப் பொறியியலாளர்கள் இன்றும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள்.

கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். நான்கு கேள்விகள் போகும். எத்தனை பதில்கள் திரும்பும்? உங்கள் முன் அனுமானத்தைப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதுங்கள். பெரும்பாலானோர் “நான்கு” என்று எழுதுவார்கள். ஆனால் முதல் முறை செய்யும்போது பொதுவாக மூன்றுதான் திரும்பும், முதலாவது தொலைந்துவிடும். உடனே இன்னொரு முறை பிங் செய்தால் நான்கும் திரும்பும்!

ஏன்? ஐபி முகவரி மட்டும் இருந்தால் கேபிளில் தரவை அனுப்ப முடியாது. ஒவ்வொரு பிணைய அட்டைக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கப்பட்ட 48 பிட் நீளமுள்ள மேக் முகவரி ஒன்று உண்டு. அடுத்த கருவிக்குத் தரவைக் கொடுக்க அந்த எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், “192.168.20.20 யார்? உங்கள் மேக் முகவரி என்ன?” என்று அந்தப் பக்கத்திலுள்ள எல்லாருக்கும் கேட்கும்படி ரவுட்டர் கூவும். இந்த விசாரணைக்கு ஆர்ப் என்று பெயர். பதில் வரும்வரை முதல் பொட்டலத்தைப் பத்திரப்படுத்தி வைக்காமல் ரவுட்டர் விட்டுவிடுகிறது. பதில் வந்ததும் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்தடுத்த பொட்டலங்கள் தடையின்றிச் செல்கின்றன.

பேக்கெட் ட்ரேசரில் சிமுலேஷன் முறைக்கு மாறினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிறு உறைகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு நகரும். நடுவில் வேறு நிறத்தில் ஓர் உறை ஓடும், அதுதான் ஆர்ப். நான் வகுப்பில் இதைக் காட்டும்போது, தொலைந்த அந்த ஒரு பதிலுக்குக் காரணம் கண்டுபிடிக்கும் மாணவர்களின் முகத்தைப் பார்ப்பதில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி.

தெருவும் வீட்டு எண்ணும்

எல்லாரும் தடுமாறும் இடம் சப்நெட் மாஸ்க். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் ஒரு தாமானில் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். முகவரியில் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கின்றன. அதே தெருவில் உள்ளவருக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டுமானால் நீங்களே நடந்து போய்க் கொடுத்துவிடலாம். வேறு தெருவுக்கு என்றால் முனையிலுள்ள பாதுகாவலர் சாவடியில் கொடுக்கிறீர்கள்; அவர்கள் சேர்ப்பார்கள். பிணையத்தில் அந்தச் சாவடிதான் கேட்வே.

ஐபி முகவரி 32 பிட் நீளமுள்ள ஓர் எண். நான்கு பகுதிகளாகப் பிரித்து எழுதுவது நம் வசதிக்காக. அதில் எதுவரை தெருவின் பெயர், எங்கிருந்து வீட்டு எண் என்பதை முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதுதான் மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் 24 பிட் தெரு, கடைசி 8 பிட் வீடு. ஆகவே 192.168.10 என்று தொடங்கும் எல்லாமே ஒரே தெரு. மாஸ்கை 255.255.255.128 என்று மாற்றினால் தெருவின் பெயர் ஒரு பிட் நீள்கிறது. தெரு இரண்டாகப் பிளக்கிறது. 0 முதல் 127 வரை ஒரு தெரு. 128 முதல் 255 வரை இன்னொரு தெரு. ஒவ்வொரு தெருவிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் வீடுகளுக்குக் கிடையா என்பதால், குடியிருக்க 126 எண்கள் மிஞ்சும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள மாஸ்கை வைத்துத்தான் “இவர் என் தெருவா, வெளித் தெருவா” என்று முடிவு செய்கிறது. எதிரே உள்ள கணினியின் மாஸ்க் என்ன என்று அதற்குத் தெரியாது. கேட்டுப் பார்ப்பதும் இல்லை. இந்த வரியை நினைவில் வைத்திருங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

கையில் தொடக்கூடிய கூடம்

திரையில் சில வாரங்கள் பழகிய பிறகு உண்மையான கருவிகளுக்கு வரலாம். தேவை அதிகமில்லை. இணைய நிறுவனத்தை மாற்றும்போது மிஞ்சிய பழைய ரவுட்டர் பல வீடுகளில் தூசி படிந்து கிடக்கும். அண்டை வீட்டாரிடம் கேட்டாலும் கிடைக்கும். ஐந்து துளைகள் கொண்ட சிறு சுவிட்ச் ஒன்று சில பத்து ரிங்கிட்தான். மூன்று நான்கு பிணையக் கேபிள்கள், ஒன்றிரண்டு பழைய மடிக்கணினிகள் இருந்தால் கூடம் தயார். இடி மின்னல் நேரத்தில் எல்லாவற்றின் மின்செருகிகளையும் கழற்றிவிடுங்கள். நம் ஊர் மாலை மழையில் எத்தனையோ ரவுட்டர்கள் கருகியிருக்கின்றன.

மடிக்கணினியில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். 1998இல் ஈத்தரியல் என்ற பெயரில் வெளிவந்து, 2006இல் இந்தப் பெயருக்கு மாறியது. கேபிள் வழியே உங்கள் கணினிக்கு வருவதையும் போவதையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டும். உயிரியல் பாடத்தில் நுண்ணோக்கி எப்படியோ, பிணையப் பாடத்தில் இது அப்படி.

வீட்டு இணையத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், பழைய ரவுட்டரின் லேன் துளையில் மடிக்கணினியை இணையுங்கள். வயர்ஷார்க்கை ஓட விட்டு, கேபிளைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். கணினி தனக்கு முகவரி வாங்கும் உரையாடலைப் பார்க்கலாம். இதற்கு டிஎச்சிபி என்று பெயர். தூதும் பதிலுமாக நான்கு செய்திகள். முதலில் கணினி எல்லாருக்கும் கேட்கும்படி, “முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கும். ரவுட்டர், “இதோ 192.168.1.103, எடுத்துக்கொள்” என்று முன்வரும். கணினி, “சரி, அதையே கொடுங்கள்” என்று கேட்கும். ரவுட்டர், “கொடுத்தேன், இத்தனை மணி நேரத்திற்கு உனக்கு” என்று முடிக்கும். முகவரியோடு, “உன் கேட்வே நான்தான்” என்ற தகவலும் சேர்ந்தே வரும்.

இந்த உரையாடலில் ஓர் ஓட்டை இருக்கிறது, உங்களுக்குத் தெரிகிறதா? கணினி “யாராவது இருக்கிறீர்களா?” என்று கேட்கிறது. பதில் சொல்பவர் யார் என்று சரிபார்ப்பதில்லை. இரண்டு பேர் பதில் சொன்னால், பொதுவாக முதலில் கேட்ட குரலையே ஏற்றுக்கொள்கிறது.

மாணவர் வீட்டில் நடந்தது இதுதான். அவர் பழைய ரவுட்டரின் லேன் துளையிலிருந்து வீட்டு ரவுட்டரின் லேன் துளைக்குக் கேபிள் போட்டிருந்தார். அந்த நொடியில் வீட்டில் முகவரி கொடுப்பவர்கள் இருவர் ஆனார்கள். வீட்டு ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்குபவற்றைக் கொடுத்து, தன்னையே கேட்வே என்றும் சொல்லிக்கொண்டது. அதற்கோ இணையமே கிடையாது. எந்நேரமும் இணைப்பிலேயே இருந்த தொலைக்காட்சி தன் பழைய முகவரியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓடியது. வெளியே போய்விட்டு வரும் கைப்பேசியும் மடிக்கணினியும் புதிதாக முகவரி கேட்டன; யார் முந்தினாரோ அவரிடம் மாட்டின. அதனால்தான் ஒரு முறை சரி, மறு முறை தவறு.

நான் அவரிடம் காரணத்தைச் சொல்லாமல், “வீட்டுக்குப் போய் அப்பா கைப்பேசியின் வைஃபை விவரத்தையும் தொலைக்காட்சியின் பிணைய விவரத்தையும் எழுதிக்கொண்டு வா” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை அவர் நீட்டிய தாளில் 192.168.1.103, 192.168.0.12 என்று இரண்டு எண்கள் இருந்தன. இரண்டுக்கும் அடியில் அவரே கோடு போட்டிருந்தார். “ஒரே வீட்டில் இரண்டு தெரு இருக்கிறது, டீச்சர்” என்றார். அன்று மாலை அந்தக் கேபிளைக் கழற்றியதும் வீடு பழைய நிலைக்குத் திரும்பியது. அப்பாவிடமும் அதே தாளைக் காட்டி விளக்கியிருக்கிறார். தடை நீங்கியது, ஒரு நிபந்தனையோடு: வீட்டு ரவுட்டரைத் தொடக்கூடாது.

அது நியாயமான நிபந்தனை, எல்லாருக்கும் பொருந்தும். கூடத்திற்கு இணையம் தேவையில்லை என்றால் வீட்டு ரவுட்டரோடு இணைக்கவே வேண்டாம். மென்பொருள் பதிவிறக்கத்திற்கு இணையம் வேண்டுமானால் பழைய ரவுட்டரின் வேன் துளையை, அதாவது தனி நிறத்திலோ தனியாக ஒதுங்கியோ இருக்கும் அந்த ஒரு துளையை, வீட்டு ரவுட்டரின் லேன் துளையோடு இணையுங்கள். அப்போது பழைய ரவுட்டர் வீட்டைப் பொறுத்தவரை வெறும் ஒரு விருந்தாளி. அது கொடுக்கும் முகவரிகள் அதன் பின்பக்கம் இருக்கும் உங்கள் கூடத்திற்குள் மட்டுமே செல்லும். இரண்டு ரவுட்டர்களும் ஒரே எண் வரிசையைக் கொடுத்தால் குழப்பம் வரும் என்பதால், கூடத்து முகவரியை 192.168.50.1 என்பது போல வேறாக மாற்றிவிடுங்கள்.

இனி கெடுக்கலாம்

கூடம் தயாரானதும் பலர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஓட வைத்துவிட்டு அழகு பார்ப்பது. ஓடும் பிணையத்திலிருந்து கற்பது குறைவு. கெட்டுப்போன பிணையந்தான் பாடம் சொல்லும். ஆகவே வேண்டுமென்றே கெடுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

தொடக்கப்பள்ளி அறிவியலில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தீர்கள் அல்லவா? அதேதான். மாஸ்கை மாற்றினால் மற்ற எதையும் தொடாதீர்கள். என்ன ஆகும் என்று முதலில் எழுதுங்கள்; பிறகு உற்றறியுங்கள்; அனுமானம் பொய்த்தால் காரணத்தைத் தேடுங்கள். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தவருக்கு எது எதனால் ஆனது என்று தெரியவே தெரியாது. பொறியியலாளர்களும் அவசரத்தில் இந்தத் தவறைச் செய்வதுண்டு.

முதலில் அந்த மாணவர் வீட்டுக் கோளாறையே உங்கள் கூடத்தில் மறுபடி உண்டாக்கிப் பாருங்கள். இரண்டு பழைய ரவுட்டர்களைச் சுவிட்ச் வழியாக லேன் துளைகளில் இணையுங்கள். மடிக்கணினியின் கேபிளை அதே சுவிட்சில் பத்து முறை கழற்றிச் செருகி, ஒவ்வொரு முறையும் யார் முகவரி கொடுத்தார் என்று குறியுங்கள். வயர்ஷார்க்கில் இரண்டு முன்மொழிவுகளும் வருவதைக் காணலாம். எது முந்துகிறது, எத்தனை மில்லிவினாடி வித்தியாசம் என்பதும் தெரியும். பிறகு இரண்டு ரவுட்டர்களிலும் டிஎச்சிபியை நிறுத்திவிட்டுச் செருகுங்கள். சிறிது நேரம் கழித்து விண்டோஸ் கணினி 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும். “நான் கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை” என்பதே அந்த எண்ணின் பொருள். பின்னாளில் எந்த அலுவலகத்திலாவது 169.254ஐப் பார்த்தால் உங்களுக்கு அரை மணி நேர வேலை மிச்சம்.

அடுத்தது கொஞ்சம் ஆரவாரமானது. சுவிட்சில் இரண்டு மடிக்கணினிகளை இணைத்துவிட்டு, ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே சுவிட்சின் இரு துளைகளில் செருகுங்கள். மலிவான சுவிட்ச்களில் பொதுவாக இதைத் தடுக்கும் வசதி இருக்காது. சிறிது நேரத்தில் எல்லா விளக்குகளும் வெறி பிடித்ததுபோல் ஒன்றாக மின்னத் தொடங்கும், பிங் நின்றுபோகும். எல்லாருக்கும் கேட்கும்படி அனுப்பப்பட்ட ஒரு செய்தி அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறு எதற்கும் இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஒலிபெருக்கியின் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்தால் கீச்சென்று அலறுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி.

ஐபி பொட்டலத்தில் ‘ஆயுள் எண்’ ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அது ஒன்று குறையும். பூச்சியமானால் பொட்டலம் வீசப்படும். ஆனால் சுவிட்ச்கள் கையாளும் ஈத்தர்நெட் சட்டகத்தில் அப்படி ஓர் எண் கிடையாது. ஆகவே கேபிளைக் கழற்றும்வரை அது சாகாது. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன் 1985இல் இதற்கு ஒரு தீர்வு கண்டார். சுவிட்ச்கள் தங்களுக்குள் பேசி, வளையம் உண்டாக்கும் பாதையைத் தாங்களாகவே மூடிவிடும் வழிமுறை அது. ஸ்பேனிங் ட்ரீ என்ற அந்த வழிமுறை இன்றும் சிசிஎன்ஏ பாடத்தில் இருக்கிறது. புயலைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பாடத்தைப் படியுங்கள். வேறு மாதிரி புரியும்.

இந்தப் பரிசோதனையைத் தனித்து நிற்கும் சுவிட்சில் மட்டுமே செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பள்ளிக் கணினிக் கூடத்தில் ஒரு கேபிளை இப்படிச் செருகினால் கட்டடம் முழுவதும் இணையம் நின்றுபோகலாம். அதேபோல், அடுத்தவர் பிணையத்தைத் துழாவிப் பார்ப்பது விளையாட்டு அல்ல. மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி ஒரு கணினியில் நுழைவதற்கே 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். எதையும் தாராளமாகச் செய்து பார்க்க உங்களுக்குச் சொந்தமாக ஒரு கூடம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய கருவிகள் வேண்டுமா?

அலுவலகங்கள் கழித்துக்கட்டிய சிஸ்கோ 2960 சுவிட்ச், 1841 ரவுட்டர் போன்றவை இரண்டாங்கைச் சந்தையில் கிடைக்கும். கன்சோல் கேபிளைச் செருகி, கறுப்புத் திரையில் உண்மையான கட்டளைகள் தட்டும் அனுபவம் தனிதான். விலான் பாடத்தை இவற்றில் செய்து பார்ப்பது சுவையானது. ஒரே சுவிட்சைப் பல தனிச் சுவிட்ச்களாகப் பிரிப்பதே விலான். நம் நாட்டில் ஃபைபர் இணைப்புள்ள பல வீடுகளில் இணையமும் தொலைக்காட்சியும் ஒரே இழையில், வெவ்வேறு விலான் எண்களில்தான் வருகின்றன.

ஆனால் இவற்றை வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. இவற்றில் சிலவற்றின் விசிறிச் சத்தத்தில் படுக்கையறையில் தூங்க முடியாது. மின்சாரத்தையும் கணக்குப் போடுங்கள்: 40 வாட் இழுக்கும் ஒரு கருவி நாள் முழுவதும் ஓடினால் 0.96 கிலோவாட் மணி. 30 நாளில் ஏறக்குறைய 29. இப்படி மூன்று கருவிகள் என்றால் மின்கட்டண ரசீதைப் பார்த்து அம்மா கேள்வி கேட்பார். பேக்கெட் ட்ரேசரின் எல்லையைத் தாண்டிவிட்டவர்கள் ஜிஎன்எஸ்3 என்ற இலவச மென்பொருளுக்கு மாறலாம். அதற்குக் கொஞ்சம் வலுவான கணினி வேண்டும்.

வாங்கினால், ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சிஸ்கோ கருவியில் நீங்கள் தட்டும் கட்டளைகள் முதலில் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். சேமிக்கும் கட்டளையைத் தட்டாமல் அணைத்தால் எல்லாம் போய்விடும். ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து அமைத்ததை நான் அப்படித்தான் இழந்தேன். நல்ல வேளை, பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததால் இரண்டாவது முறை ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

அந்த மாணவரின் கூடம் இப்போது அவர்கள் வீட்டுச் சாமான் அறையில், தையல் இயந்திரத்திற்குப் பக்கத்தில் இருக்கிறது. அவரும் அவருடைய நண்பர் ஒருவரும் வாரந்தோறும் ஒரு விளையாட்டு நடத்துகிறார்கள். ஒருவர் ஒரே ஒரு பிழையை ஒளித்து வைப்பார்; மற்றவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் அவர்கள் எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். உங்களுக்கும் தருகிறேன்.

ஒரு சுவிட்ச்; அதில் இரண்டு கணினிகள். ரவுட்டர் கிடையாது, கேட்வே எதுவும் எழுதப்படவில்லை. முதல் கணினி 192.168.10.20, மாஸ்க் 255.255.255.0. இரண்டாவது 192.168.10.130, மாஸ்க் 255.255.255.128. கேபிள்கள் நல்லவை; விளக்குகள் எரிகின்றன; தடுப்பு மென்பொருள் எதுவும் இல்லை. எந்தப் பக்கத்திலிருந்து பிங் செய்தாலும் பதில் வரவில்லை. முதல் கணினி, மற்றவர் தன் தெருவில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறது. இரண்டாவது கணினி என்ன நினைக்கிறது? நான் இதைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டேன்; அவர்கள் இருவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள்.